கோமாவுக்குப் பிறகு நினைவைத் தேடுதல்: படுக்கையருகே மதிப்பிடும் முறை

தலைக்காயத்துடன் அனுமதிக்கப்பட்ட ஒருவர் மூன்றாம் வாரத்தில் கண்ணைத் திறக்கிறார். அன்றிலிருந்து அந்தப் படுக்கையைச் சுற்றி இரண்டு விதமான பேச்சு தொடங்கிவிடும். "கண்ணத் தொறந்து எங்களப் பாக்குறார், கையப் பிடிச்சா அமுக்குறார்" என்று வீட்டார் சொல்வார்கள். காலை ரவுண்டில் பெயர் சொல்லி இரண்டு முறை அழைத்துப் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்கு நகரும் மருத்துவரோ, கண்தான் திறந்திருக்கிறது, நினைவு இல்லை என்பார். இவர்களில் யார் சொல்வது சரி என்பதைப் பதவியையோ பாசத்தையோ வைத்துத் தீர்க்க முடியாது. அதற்கென்று ஒரு முறை உண்டு. அதைப் படுக்கையருகே ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, ஒரு டம்ளர், அரை மணி நேரப் பொறுமை ஆகியவற்றைக் கொண்டே செய்ய முடியும். நரம்பியல் வார்டுக்குப் புதிதாக வரும் மருத்துவர்கள், செவிலியர்கள், பிசியோதெரபிஸ்ட்டுகள் ஆகியோரை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். நோயாளியுடன் இரவும் பகலும் இருக்கும் உறவினர்களும் படிக்கலாம். இந்த வேலையில் பாதி அவர்களால்தான் நடக்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழில் 'நினைவு' என்ற ஒரே சொல்லை ஞாபகத்துக்கும் பிரக்ஞைக்கும் சேர்த்தே பயன்படுத்துகிறோம் என்பதால், "நினைவு வந்துவிட்டதா?" என்று கேட்பவர் எதைக் கேட்கிறார் என்பதே சில நேரம் குழப்பமாகிவிடுகிறது. இங்கே நாம் பிரித்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று விழிப்பு, அதாவது கண் திறந்திருப்பதும் தூக்கமும் விழிப்பும் மாறிமாறி வருவதும். மற்றொன்று தன்னையும் சுற்றுப்புறத்தையும் அறிவது. இனி 'நினைவு' என்று நான் சொல்வது இந்த அறிதலைத்தான். கோமாவில் இரண்டும் இல்லை. எவ்வளவு தூண்டினாலும் கண் திறக்காது. உயிர் பிழைப்பவர்களில் இந்த நிலை பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அதன் பிறகு கண் திறக்கும். கண் திறந்தும் அறிவதற்கான எந்த அடையாளமும் இல்லாத நிலைக்கு 1972இல் பிரையன் ஜென்னெட், பிரெட் பிளம் ஆகிய இருவரும் வைத்த பெயர்தான் பின்னர் 'வெஜிடேட்டிவ்' என்று வழக்கில் நிலைத்தது. அந்தப் பெயர் நம் மருத்துவமனைகளில் "காய்கறி மாதிரி" என்று மொழிபெயர்க்கப்பட்டு, பெற்ற தாயின் காதில் விழுந்த கொடுமையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 2010இல் ஐரோப்பிய ஆய்வுக் குழுவொன்று அதற்கு மாற்றாக 'விழித்திருந்தும் பதிலளிக்காத நிலை' என்ற பொருள்படும் பெயரை முன்வைத்தது. நான் அதையே பயன்படுத்துகிறேன். அது நாம் கண்டதை மட்டும் சொல்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றித் தீர்ப்பு சொல்வதில்லை.

இதற்கு அடுத்த படியில் உள்ளது குறைந்தபட்ச நினைவு நிலை. 2002இல் ஜோசப் ஜியாசினோ தலைமையில் வரையறுக்கப்பட்ட இந்த நிலையில், அறிதலின் அடையாளம் சிறிதாகவும் விட்டுவிட்டும் தென்படும், ஆனால் ஐயமின்றித் தென்படும். காலையில் கண்ணால் மகளைப் பின்தொடர்ந்தவர் மதியம் வெறுமனே கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஏற்ற இறக்கம்தான் நோயின் இயல்பு. நம்முடைய மதிப்பீடு தவறிப்போவதற்கும் இதுவே முதற்காரணம். இவை இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று, மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் ஏற்படும் பக்கவாதத்தால் உடல் முழுவதும் செயலிழந்து, நினைவு மட்டும் முழுமையாக இருக்கும் நிலை. அவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது கண்ணை மேலும் கீழும் அசைப்பதும் இமைப்பதும் மட்டுமே. மூளைச்சாவு இந்த வரிசையிலேயே வராது. இந்தியாவின் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி நான்கு மருத்துவர்கள் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதிசெய்யும் மரணம் அது. இங்கே பேசப்படுவது உயிரோடு மீண்டுகொண்டிருப்பவர்களைப் பற்றி.

வார்டில் எல்லோருக்கும் தெரிந்த அளவுகோல் ஜி.சி.எஸ். எனப்படும் கிளாஸ்கோ கோமா ஸ்கேல். கிரஹாம் டீஸ்டேலும் ஜென்னெட்டும் 1974இல் வெளியிட்ட இது, கண், பேச்சு, அசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் தந்து 3 முதல் 15 வரை கூட்டுகிறது. விபத்தில் அடிபட்டவர் அவசரச் சிகிச்சைப் பிரிவில் மோசமாகிறாரா தேறுகிறாரா என்று மணிக்கணக்கில் கண்காணிக்க அதைவிட எளிய கருவி கிடையாது. ஆனால் மூன்றாம் வாரத்தில் அது போதாது. கண் தானாகத் திறந்திருந்தால் அதற்கு 4 கிடைத்துவிடுகிறது. அந்தக் கண் எதையாவது பார்க்கிறதா என்று அந்த அளவுகோல் கேட்பதே இல்லை. தொண்டையில் டிராக்கியாஸ்டமி எனும் மூச்சுத்துளை போட்டவருக்குப் பேச்சுப் பகுதியில் எண்ணுக்குப் பதில் 'டி' என்று எழுதிவிட்டு நகர வேண்டியிருக்கிறது. மயோ கிளினிக்கில் 2005இல் உருவான ஃபோர் ஸ்கோர், பேச்சுப் பகுதியை நீக்கிவிட்டுக் கண்ணால் பின்தொடர்வதைச் சேர்த்தது என்பதால், வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்குச் சற்று மேலானது. மீண்டுவரும் கட்டத்துக்கென்றே அமைந்தது சி.ஆர்.எஸ்.-ஆர். எனப்படும் கோமா மீட்சி அளவுகோலின் திருத்திய வடிவம். ஜியாசினோ குழுவினர் 2004இல் வெளியிட்டது. கேட்டல், பார்த்தல், அசைதல், வாயும் பேச்சும், தொடர்புகொள்ளல், விழிப்பு என்று ஆறு பிரிவுகளும் மொத்தம் 23 மதிப்பெண்ணும் கொண்டது. கீழே சொல்லும் முறை பெரும்பாலும் அதைத் தழுவியது.

முறைப்படி சோதிக்காமல் 'பார்த்த மாத்திரத்தில்' முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்றும் சற்றே புதிய கணக்கு ஒன்றும் இருக்கின்றன. லண்டன் பட்னியிலுள்ள நரம்பியல் மறுவாழ்வு மருத்துவமனையில், வெஜிடேட்டிவ் நிலை என்று அனுப்பப்பட்ட 40 பேரை ஆராய்ந்தபோது 17 பேருக்கு அந்த நோயறிதல் தவறு என்று 1996இல் தெரியவந்தது. அந்த 17 பேரில் பெரும்பாலோர் பார்வை இழந்தவர்கள் அல்லது பார்வை கடுமையாகக் குறைந்தவர்கள். பார்க்க முடியாதவரிடம் "கண்ணால் தொடரவில்லை" என்று எழுதியிருந்தார்கள். 2009இல் பெல்ஜியத்திலிருந்து வந்த ஆய்விலோ, மருத்துவக் குழுவே கூடிப் பேசி வெஜிடேட்டிவ் என்று ஒப்புக்கொண்ட 44 பேரில் 18 பேரிடம் சி.ஆர்.எஸ்.-ஆர். முறை நினைவின் அடையாளத்தைக் கண்டது. பத்தில் நால்வர். முறை எதுவும் இல்லாமல் நாம் எழுதும் கேஸ் ஷீட்டில் இந்த விகிதம் குறைவாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

சோதனையைத் தொடங்கும் முன் தடைகளை அகற்ற வேண்டும். என் கருத்தில் இது சோதனையைவிட முக்கியமானது. மருந்து அட்டவணையை எடுத்து, மிடசோலம், குளோபசாம், ஃபென்டனில், பேக்லோஃபென், வலிப்பு மருந்துகள் போன்ற மந்தம் தரக்கூடியவற்றில் எது எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, சர்க்கரை, தைராய்டு ஆகியவை சரியாக உள்ளனவா என்று உறுதி செய்யுங்கள். தேறிவந்தவர் திடீரென்று மந்தமானால் மூளைக்குள் நீர் கோத்திருக்கிறதா என்று சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். உடல் அசைவே இல்லாமல் மூளைக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் வலிப்பும் உண்டு என்பதால் மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் தேவைப்படலாம். இவற்றையெல்லாம் சரிபார்க்காமல் "பதில் இல்லை" என்று எழுதினால், நாம் அளந்தது மருந்தையா, சோடியத்தையா, மூளையையா என்று நமக்கே தெரியாது.

இதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஒரு வார்டில், இளைஞர் ஒருவரைத் தொடர்ந்து பதினோரு நாட்கள் காலை எட்டு மணிக்குச் சோதித்து, பதினோரு நாளும் 'பின்தொடர்தல் இல்லை' என்று எழுதினேன். இரவு கொடுக்கப்பட்ட மயக்கம் தரும் மருந்தின் வேகம் அப்போதும் இறங்கியிருக்கவில்லை. மாலைப் பணியிலிருந்த செவிலியர் ஒருவர் தயங்கித் தயங்கி, "சாயங்காலம் நான் டிரிப் மாத்தறப்போ என் கையையே பாக்குறான் சார்" என்றார். மாலை ஐந்து மணிக்குப் போய் அமர்ந்தேன். முதல் முறையிலேயே கண்ணாடியை இடமிருந்து வலமாகத் தொடர்ந்தான். அன்றிலிருந்து, முந்தைய பணிநேரத்துச் செவிலியரிடம் கேட்காமல் நான் சோதனையைத் தொடங்குவதில்லை.

அடுத்தது உடலும் சூழலும். மல்லாந்து படுத்திருப்பவரைவிட நிமிர்த்தி உட்கார வைக்கப்பட்டவர் கூடுதலாக விழித்திருப்பார். படுக்கையின் தலைப்பகுதியை உயர்த்துங்கள், முடிந்தால் சக்கர நாற்காலியில் அமர்த்துங்கள். சளி உறிஞ்சியவுடனோ பிசியோதெரபி முடிந்த களைப்பிலோ மூக்குவழிக் குழாயான ரைல்ஸ் டியூபில் உணவு கொடுத்த மயக்கத்திலோ சோதிக்க வேண்டாம். மூக்குக்கண்ணாடி அணிபவர் என்றால் அதை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று ஓட்டோஸ்கோப்பால் பாருங்கள். டியூபைப் பிடுங்கிவிடுவார் என்று கையைக் கட்டி வைத்திருப்பது நம் வார்டுகளில் சாதாரணம். கட்டிய கையை அவிழ்க்காமல் "கையைத் தூக்குங்கள்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லப்போனால், மூக்கிலுள்ள குழாயைத் தேடிப் பிடித்து இழுப்பதே கவனித்துக் குறிக்க வேண்டிய செயல். கட்டு அதையும் மறைத்துவிடுகிறது. தொலைக்காட்சியை அணைத்து, நலம் விசாரிக்க வந்த கூட்டத்தைச் சற்று வெளியே இருக்கச் சொல்லி, பேசுபவர் ஒருவர் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொழியைப் பற்றி அளவுகோலின் கையேட்டில் இராத ஒரு குறிப்பு. நோயாளி வீட்டில் எப்படிப் பேசினாரோ அப்படிக் கேளுங்கள். சென்னையில் வசித்தாலும் வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ உருதோ பேசுபவராக இருக்கலாம். வயதான கிராமத்தவரிடம் "வலது கரத்தை உயர்த்துங்கள்" என்பது ஏறக்குறைய அந்நிய மொழிதான்; அவருக்கு அது சோத்தாங்கை. கூடுமானவரை வலம் இடம் என்பதையே தவிர்த்து, கையைத் தொட்டுக் காட்டி "இந்தக் கையத் தூக்குங்க" என்று சொல்லுங்கள். பெயரையும் ஆதார் அட்டையில் உள்ளபடி அழைக்காமல், வீட்டில் அழைக்கும் பெயரைக் கேட்டு அதைச் சொல்லுங்கள். மணியோசைக்குத் திரும்பாத தலை சொந்தப் பெயருக்குத் திரும்புவது ஆய்வுகளிலும் பதிவான செய்தி. மூளையின் இடப்பக்கம் அடிபட்டவருக்குச் சொல்லைப் புரிந்துகொள்ளும் திறனே போயிருக்கக்கூடும். அவரிடம் வாய்மொழிக் கட்டளை பயனற்றது. நாக்கை நீட்டிக் காட்டி, கையை அசைத்துக் காட்டிச் செய்யவைத்துப் பார்க்க வேண்டும்.

இனிச் சோதனை. ஒரு நிமிடம் எதுவும் செய்யாமல், எதுவும் பேசாமல் பாருங்கள். இந்த ஒரு நிமிடத்தைப் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிறார்கள், இதுதான் அஸ்திவாரம். தானாகவே அடிக்கடி இடது காலை மடக்குபவரிடம் பிறகு "காலை மடக்குங்கள்" என்று சொல்லி, அவர் மடக்கியதும் மகிழ்வதில் அர்த்தமில்லை. எந்த அசைவு தானாக வருகிறது, எந்த உறுப்பு அறவே அசையவில்லை என்று குறித்துக்கொண்டால், அசைக்க முடிந்ததும் தானாக அசையாததுமான ஒரு செயலைக் கட்டளைக்குத் தேர்ந்தெடுக்கலாம். அவர் தூங்கிவழிந்தால் முகம், கழுத்து, தோள், கை, கால் என்று இருபுறமும் தசைகளை விரல்களுக்கிடையே அழுத்திப் பிடித்து, மூன்று நான்கு முறை உருட்டிவிட்டு எழுப்புங்கள். சோதனையின் நடுவில் கண் மூடினாலும் இதையே மறுபடி செய்யுங்கள்.

கட்டளைகளை ஒவ்வொன்றாக, நான்கு முறை, ஒவ்வொரு முறைக்கும் பத்து விநாடி காத்திருந்து கொடுக்க வேண்டும். பத்து விநாடி என்பது சொல்லும்போது குறைவு. நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மௌனமாக நிற்கும்போது மிக நீளம். மூன்றாவது விநாடியில் திரும்பவும் "கண்ண மூடுங்க, கண்ண மூடுங்க" என்று கத்தத் தொடங்கிவிடுகிறோம், பாதிக்கப்பட்ட மூளை முதல் கட்டளையையே இன்னும் செரித்து முடித்திருக்காது. நான்கில் மூன்று முறை செய்தால் அதைக் கட்டளைக்கு இணங்கிய செயலாக ஏற்கலாம். ஒரே ஒரு முறை நடந்ததைப் பதிவு செய்யுங்கள், ஆனால் அதைக் கொண்டு முடிவுக்கு வராதீர்கள்.

கையை அமுக்கும் விஷயத்துக்கு வருவோம். உறவினர்களுக்கும் மருத்துவர்களுக்கும் அதிகச் சச்சரவு இதில்தான். உள்ளங்கையில் எதையாவது வைத்தால் விரல்கள் தாமாக மூடிக்கொள்வது பிறந்த குழந்தைக்கும் உண்டு, மூளையின் முன்பகுதி அடிபட்டவருக்கும் உண்டு. ஆகவே அமுக்கியதை மட்டும் வைத்து நினைவு என்று சொல்ல முடியாது. அதற்காக உறவினரை "அது வெறும் அனிச்சைச் செயல்" என்று ஒரே வரியில் அடக்குவதும் தவறு. செய்ய வேண்டியது எளிது: கையைக் கொடுத்து, அவர் பிடித்த பிறகு "விடுங்க" என்று சொல்லுங்கள். அனிச்சையான பிடி சொல்லுக்கு விடாது. அல்லது கையை உள்ளங்கையில் படாமல் வைத்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்தச் சொல்லுங்கள். "இப்போது ஒன்றும் செய்யாமல் இருங்க" என்று இடையிடையே சொல்லி, அந்தப் பத்து விநாடியில் அதே அசைவு வருகிறதா என்றும் எண்ணுங்கள். சொன்னபோது ஏழு முறை, சொல்லாதபோது ஒரு முறை என்றால் உறவினர் சொன்னது உண்மை. இரண்டிலும் சமமாக வந்தால் அது தானாக வரும் அசைவு. இந்தக் கணக்கை உறவினரையே எழுத வைத்தால், வாக்குவாதம் பாதியாகக் குறைவதைக் காணலாம்.

பார்வைக்கு உரிய கருவி முகம் பார்க்கும் சிறிய கண்ணாடி. பேனாவையோ டார்ச்சையோ விரலையோ ஆட்டிப் பார்ப்பதுதான் வழக்கம், ஆனால் மனிதக் கண் தன் முகத்துக்குத் தரும் முன்னுரிமையை வேறு எதற்கும் தருவதில்லை. குறைந்தபட்ச நினைவு நிலையிலிருந்த 51 பேரை வைத்து 2008இல் வெளியான ஆய்வில், கண்ணால் பின்தொடர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் கண்ணாடியை மட்டுமே தொடர்ந்தார்கள். பொருளையும் ஆளையும் தொடரவில்லை. கண்ணாடியை முகத்துக்கு நேரே பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, அவர் தன் முகத்தைக் காணும்படி சாய்த்து, "இதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, மிக மெதுவாக வலமும் இடமும் மேலும் கீழும் 45 பாகை அளவுக்கு நகர்த்துங்கள். ஏதேனும் ஒரு திசையில் இரண்டு முறை அறுபடாமல் தொடர்ந்தால் போதும். நகர்த்தும்போது பேசாதீர்கள், பேசினால் அவர் தொடர்ந்தது கண்ணாடியையா குரலையா என்று தெரியாது. கண்கள் தாமாகவே இடமும் வலமும் ஊசலாடிக்கொண்டிருக்கும் நோயாளிகளும் உண்டு என்பதால், நகர்த்துவதை நடுவில் நிறுத்திப் பாருங்கள். உண்மையில் தொடரும் கண் அங்கே நிற்கும். மீட்சியில் முதலில் தலைகாட்டும் அடையாளம் பலரிடமும் இந்தப் பின்தொடர்தல்தான் என்பதால், இதற்கு ஒதுக்கும் ஐந்து நிமிடம் வீணாகாது.

அசைவுப் பிரிவில் வலியைத் தூண்ட நகக்கண்ணைப் பென்சிலால் ஐந்து விநாடி அழுத்துவது போதுமானது. மார்பெலும்பைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்க வேண்டியதில்லை. அழுத்திய கையை இழுத்துக்கொள்வது அனிச்சை. அழுத்தப்படாத மறுகை குறுக்கே வந்து அந்த இடத்தைத் தொட்டால் அது வேறு தரம். நான்கில் இரண்டு முறை அப்படி வந்தால் நினைவின் அடையாளமாக ஏற்கிறோம். உறவினர் அருகில் நிற்கும்போது இதைச் செய்வதானால், என்ன செய்யப்போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சீப்பையும் டம்ளரையும் கையில் கொடுத்து, "எப்படிப் பயன்படுத்துவீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். சீப்பு தலைக்கும் டம்ளர் வாய்க்கும் தவறாமல் போனால் அவர் குறைந்தபட்ச நிலையைத் தாண்டி வெளியே வந்துவிட்டார் என்று பொருள்.

சீப்பையும் டம்ளரையும் மட்டும் நம்பியிருக்காதீர்கள். மூளையில் ரத்தக்கசிவுக்குப் பிறகு ஆறு வாரம் கழித்து நான் பார்த்த ஓர் அம்மாள், சீப்பை வாங்கினார், பிடித்துக்கொண்டிருந்தார், நழுவவிட்டார். நான்கு முறையும் அவ்வளவுதான். மதுரைப் பக்கம் பூக்கட்டி விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். மகள் ஒரு முழ வாழைநாரைக் கொண்டுவந்து அவர் விரலில் சுற்றிவிட்டு, நான்கு மல்லிகை மொட்டுகளை உள்ளங்கையில் வைத்தாள். அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நாரை இழுத்துப் பிடித்தன, நடுவிரல் ஒரு மொட்டை நகர்த்தி நாருக்கடியில் தள்ளியது, முடிச்சு விழவில்லை, விரல்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கின. அதற்கு அளவுகோலில் மதிப்பெண் கிடையாது. ஆண்டுக்கணக்கில் பழகிய விரலின் தன்னியக்கம் என்று வாதிடவும் இடமுண்டு. நான் அதை மதிப்பெண்ணாக எழுதாமல், 'மறுபடி சோதிக்க வேண்டும், மாலையில்' என்று எழுதினேன். நான்கு நாள் கழித்து, கண்ணை மூடச் சொன்னபோது நான்கில் மூன்று முறை மூடினார்.

தொடர்புகொள்ளும் திறனைச் சோதிக்க ஆமாம் இல்லை என்று பதில் சொல்லத்தக்க ஆறு கேள்விகள் போதும். "நான் இப்போ என் காதைத் தொடுறேனா?" "நான் இப்போ கை தட்டுறேனா?" என்பது போன்ற, பதில் கண்முன்னே இருக்கும் கேள்விகளாக இருக்கட்டும். ஞாபகத்தைச் சோதிக்கும் கேள்விகள் இங்கே வேண்டாம். இன்று என்ன கிழமை என்பது ஐசியுவில் கிடக்கும் யாருக்கும் தெரியாது. பதிலுக்கான அடையாளத்தை முதலில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். தலையசைப்பு நம்மூரில் நம்பகமானதல்ல. பக்கவாட்டில் லேசாக ஆட்டினால் ஆமாம் என்று கொள்வதும் இல்லை என்று கொள்வதும் பார்ப்பவரைப் பொறுத்தது. இமைத்தலும் தானாக நடந்துகொண்டேயிருப்பது என்பதால் குழப்பும். மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆறுக்கு ஆறும் சரியாக, அடுத்தடுத்த இரண்டு சோதனைகளில் வந்தால் பயனுள்ள தொடர்பு மீண்டுவிட்டது எனலாம். சரியோ தவறோ, ஆறில் இரண்டு முறையாவது தெளிவான ஆமாம் இல்லை அடையாளம் காட்டினால் அதுவும் நினைவின் அடையாளமே. கை கால் அசையாத எந்த நோயாளியிடமும் முதல் நாளே "மேலே பாருங்க, கீழே பாருங்க" என்று கேட்டுவிடுங்கள். மூளைத்தண்டுப் பக்கவாதத்தில் முழு நினைவோடு அடைபட்டுக் கிடப்பவரைக் கோமா என்று எண்ணிப் படுக்கையருகிலேயே அவருடைய சாவைப் பற்றிப் பேசுவதைவிடப் பெரிய பிழை இந்தத் துறையில் இல்லை.

மதிப்பெண்ணைக் கூட்டுவதில் ஒரு பொறி இருக்கிறது. சி.ஆர்.எஸ்.-ஆர். அளவுகோலில் நோயறிதலைத் தருவது மொத்தக் கூட்டுத்தொகை அல்ல. ஒவ்வொரு பிரிவிலும் எட்டிய உச்சப் படிதான். தானாகக் கண் திறத்தலுக்கு 2, சத்தத்துக்குத் திடுக்கிடுதலுக்கு 1, கண்ணருகே விரல் வந்தால் இமைத்தலுக்கு 1, வலிக்குக் கையை இழுத்தலுக்கு 2, வாயின் அனிச்சைக்கு 1 என்று 7 பெற்றவர் விழித்திருந்தும் பதிலளிக்காத நிலையில் இருக்கிறார். தூண்டினால் மட்டும் கண் திறந்து 1, வாயின் அனிச்சைக்கு 1, கண்ணாடியைத் தொடர்ந்ததற்கு 3 என்று வெறும் 5 பெற்றவரோ குறைந்தபட்ச நினைவு நிலையில் இருக்கிறார். கூட்டுத்தொகையை மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போனால், அடுத்து வருபவர் இவரைத்தான் மோசமானவர் என்று எண்ணுவார். ஆகவே ஆறு எண்களையும் தனித்தனியே எழுதுங்கள்.

ஒரு நாள் சோதனை ஒரு நாளைத்தான் சொல்லும். 2017இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே ஒரு முறை மட்டும் சி.ஆர்.எஸ்.-ஆர். செய்து நிறுத்தியிருந்தால் 36 விழுக்காட்டினருக்கு நோயறிதல் தவறியிருக்கும் என்றும், இரண்டு வாரத்துக்குள் குறைந்தது ஐந்து முறை சோதிக்க வேண்டும் என்றும் தெரியவந்தது. காலை, மதியம், மாலை என்று நேரத்தை மாற்றிமாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முறையில் ஒரே ஒரு முறை ஐயமற்ற அடையாளம் கிடைத்தாலும் நோயறிதல் அதைப் பொறுத்தே அமையும். மற்ற நான்கு நாட்கள் அதை ரத்து செய்வதில்லை.

உறவினர்களிடம் நான் கேட்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. நாள், நேரம், என்ன சொன்னீர்கள் அல்லது செய்தீர்கள், என்ன நடந்தது, எத்தனை விநாடியில், எத்தனை முறை முயன்றதில் எத்தனை முறை என்று மட்டும் எழுதினால் போதும். "இன்று நன்றாக இருந்தார்" என்ற வரி பயன்படாது. பேத்தியின் குரலைக் கைபேசியில் கேட்கவைத்தபோது அழுதார் என்றால், அதே ஒலியளவில் செய்தி வாசிப்பைக் கேட்கவைத்தபோது அழுதாரா என்றும் எழுதுங்கள். குறிப்பிட்ட ஒன்றுக்கு மட்டும் பொருத்தமாக வரும் அழுகையும் சிரிப்பும் 2002ஆம் ஆண்டு வரையறையிலேயே நினைவின் அடையாளமாகச் சேர்க்கப்பட்டவை. வீடியோ எடுப்பதானால் தூண்டுவதற்கு அரை நிமிடம் முன்பிருந்தே எடுக்கத் தொடங்குங்கள். அசைவு நடந்த மூன்று விநாடியை மட்டும் வெட்டிக் காட்டினால் அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

இவ்வளவும் செய்தும் ஒன்றும் கிடைக்காதவரிடம் உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லலாமா? 2006இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், வெஜிடேட்டிவ் என்று கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். நலமாக உள்ளவர்களின் மூளையில் எந்தப் பகுதி இயங்குமோ அதே பகுதி இயங்கியது. 2010இல் அதே வழியில் ஒருவர் ஆமாம் இல்லை என்று பதிலே சொன்னார். ஆறு மையங்கள் சேர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கையருகே கட்டளைக்கு இணங்காத 241 பேரில் 60 பேர், அதாவது நால்வரில் ஒருவர், எம்.ஆர்.ஐ. அல்லது இ.இ.ஜி. வழியாகக் கட்டளையைப் பின்பற்றுவது தெரிந்தது. அதே ஆய்வின் மறுபக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: படுக்கையருகே கண்கூடாகக் கட்டளைக்கு இணங்கிய 112 பேரில் 43 பேரிடம் மட்டுமே கருவி அதைக் கண்டது. கருவி தவறவிடுவதைக் கண்ணாடியும் பொறுமையும் பிடிக்கும், கண்ணாடி தவறவிடுவதைக் கருவி பிடிக்கும். இத்தகைய சோதனை நம் மாவட்ட மருத்துவமனைகளில் வழக்கமாகக் கிடைப்பதன்று என்பதால், குடும்பத்தாரிடம் "எங்களுக்குத் தென்படவில்லை" என்று சொல்லலாம், "இல்லை" என்று சொல்லக் கூடாது. அவர் கேட்கிறார் என்றே எண்ணிப் படுக்கையருகே பேச வேண்டும்.

எதிர்காலம் பற்றிய பேச்சில் அவசரம் வேண்டாம். 2018இல் அமெரிக்க நரம்பியல் அகாடமி வெளியிட்ட நெறிமுறை, காயத்துக்குப் பிந்தைய முதல் 28 நாட்களில் இனி எழவே மாட்டார் என்ற பொருளில் பேசுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. தலைக்காயத்தால் வந்தவர்களுக்கு ஓராண்டு தாண்டியும் மாற்றம் வரக்கூடும். மாரடைப்பில் மூச்சு நின்று ஆக்சிஜன் கிடைக்காமல் பாதிக்கப்பட்டவர்களுக்கு வாய்ப்பு குறைவு. தலைக்காயத்துக்குப் பின் நான்கு முதல் பதினாறு வாரத்துக்குள் உள்ளவர்களுக்கு அமன்டடீன் என்ற மாத்திரை மீட்சியை விரைவுபடுத்துகிறது என்று 184 பேரை வைத்து 2012இல் நிறுவப்பட்டது. நோயறிதல் தவறினால் அந்த மாத்திரையும் பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் யாருக்குப் போய்ச்சேர வேண்டுமோ அவருக்குப் போகாது.

வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஜி.சி.எஸ். 9' என்று ஒரு வரியோடு முடித்துவிடாதீர்கள். ஆறு பிரிவுகளின் எண்களையும், சோதித்த தேதிகளையும் நேரங்களையும், அப்போது ஓடிக்கொண்டிருந்த மருந்துகளையும் எழுதுங்கள். அதற்குக் கீழே, எந்தக் கட்டளைக்கு, எந்த மொழியில், எந்தப் பெயர் சொல்லி அழைத்தபோது, எப்படி அமர்ந்திருந்த நிலையில், எந்தக் கை அசைந்தது என்பதை முழு வாக்கியமாக எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர் அந்தத் தாளைப் பிரித்து, கண்ணாடியைக் கையிலெடுத்து, அதே பெயரைச் சொல்லி அழைக்கத் தொடங்குவார்.